லெவ்கோனிசியில் கப்பல் நிற்காத ஞாயிறு

பிரேயஸ்
1962 அக்டோபர் 4

அன்புள்ள அக்கா ஸெவஸ்திக்கு,

தம்பி ஸராந்திஸ் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் உன் வயிற்றுப் பிள்ளையும் அப்பாவும் சுகம் என்று பதில் வந்தால்தான் எனக்கு ரொட்டி தொண்டையில் இறங்கும்.

இரண்டு நல்ல சேதிகள். முதலாவது, எனக்கு வேலை உயர்ந்துவிட்டது. இனிமேல் கயிறு இழுப்பதும் தளம் கழுவுவதும் கிடையாது. ‘அயியா தெக்லா’வில் சுக்கானியாகச் சேர்ந்திருக்கிறேன். ஞாயிறுதோறும் அமோர்கோஸிலிருந்து திரும்பும்போது நம் லெவ்கோனிசிக்கு எதிரே வந்து நிற்குமே, அதே கப்பல்தான். அப்பா தன் படகில் ஆட்களை ஏற்றி வந்து எந்தக் கப்பலின் ஏணியில் சேர்க்கிறாரோ, அந்தக் கப்பலின் சுக்கான் இப்போது என் கையில்.

இரண்டாவது, எனக்குப் பெண் பேசியிருக்கிறார்கள். பெயர் ஃபொதினி. அவளுடைய தகப்பனார் ஹரிலாவோஸ் இங்கே கப்பல் சாமான் கடை வைத்திருக்கிறார். கயிறு, பெயிண்ட், விளக்கு எல்லாம் விற்கிற பெரிய கடை. நல்ல பெண் அக்கா. என்னைப் பார்த்துச் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வாள். பெண் வீட்டார் அப்பாவைப் பற்றிக் கேட்டார்கள். கடல் தொழில் என்று சொன்னேன். மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

அத்தானின் கப்பல் இப்போது எங்கே இருக்கிறது? உன் உடம்பைப் பார்த்துக்கொள். பாரம் தூக்காதே.

உங்கள் இருவர் கையையும் முத்தமிடும்,
ஸராந்திஸ்


லெவ்கோனிசி
1962 அக்டோபர் 20

அன்புள்ள தம்பி ஸராந்திஸுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எழுத்து வரிசை கோணாமல் இருப்பதைப் பார்த்தே நீ சுகம் என்று தெரிந்துகொண்டேன். இங்கே எல்லோரும் நலம். நாளைக் கப்பலில் போடுவதற்காக இன்றே எழுதி வைக்கிறேன்.

கடிதத்தை அப்பாவுக்கு மூன்று முறை வாசித்துக் காட்டினேன். மூன்றாவது முறை முடிவதற்குள் காப்பிக்கடைக்குப் போய்விட்டார். வெடி வைத்து மீன் பிடித்த காலத்தில் ஒரு காது போனதிலிருந்து அவருக்கு மெதுவாகப் பேச வராது என்பது உனக்குத் தெரியும். “சுக்கான் யார் கையில தெரியுமாடா? எம்மவன் கையில! இனிமே உங்க ஆடு கப்பல் ஏறினாக்கூட அவன் மனசு வெச்சாத்தான் கரை சேரும்!” என்று அவர் அங்கே போட்ட சத்தம் எனக்கு வீட்டுக்குள் கேட்டது. மறுநாள் படகுக்குப் புதிதாக நீல வர்ணம் பூசினார்.

போன ஞாயிற்றுக்கிழமை படகில் எழுந்து நின்று உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாராம். ஆட்கள் ஏறி முடிகிறவரைக்கும் கூப்பிட்டாராம். நீ வெளியே வரவில்லை. அப்பாவோடு துடுப்பு வலிக்கிற நம் ஸ்த்ராத்திஸ் சும்மா இருப்பானா? “மாமா, ஒங்க பையன் ஒசரத்துல இருக்கான். ஒங்க சத்தம் அங்க ஏறாது” என்று சீண்டியிருக்கிறான். அப்பா அவனைப் பிடித்துக்கொண்டார். “சுக்கான விட்டுட்டு எறங்கி ஓடி வரச் சொல்றியா, கூறுகெட்டவனே!”

கப்பல் நின்றபிறகு சுக்கானுக்கு என்ன வேலை என்று எனக்குத் தெரியவில்லை. நீதான் சொல்ல வேண்டும்.

எனக்கு ஆறாம் மாதம் முடிகிறது. கால் வீங்குகிறது. மருத்துவச்சி ஸம்பெத்தா பார்த்துவிட்டு, “வெரல் வெச்சா குழி விழுதேடி. ஒருதரம் சீரோஸ் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிட்டு வந்துரு” என்றாள். பார்க்கலாம். உன் அத்தான் ஃபனூரிஸின் கப்பல் அர்ஜென்டினாவில் நிற்கிறது. கோதுமை ஏற்றுகிறார்களாம்.

ஃபொதினிக்கு என் அன்பைச் சொல். எள் தூவிய உலர் அத்திப்பழம் ஒரு பொட்டலம் கப்பல் சமையல்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். பெண் வீட்டில் கொடு.

மாதா உனக்குத் துணை.
அக்கா ஸெவஸ்தி


பிரேயஸ்
1962 நவம்பர் 13

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் கால் வீக்கம் வடிந்ததா? சீரோஸ் போவதைத் தள்ளிப்போடாதே. மருத்துவச்சி சும்மா சொல்ல மாட்டாள்.

அத்திப்பழம் கிடைத்தது. எல்லோருக்கும் பிடித்திருந்தது.

கப்பல் நிற்கும்போதும் எங்களுக்கு மேலே வேலை உண்டு அக்கா. இந்தக் கேப்டன் கண்டிப்பானவர். அப்பாவிடம் பக்குவமாகச் சொல்.

இன்னொரு விஷயம். இருபத்தொன்றாம் தேதி அமோர்கோஸ் மடத்துத் திருவிழாவுக்கு ஃபொதினியும் அவள் பெற்றோரும் எங்கள் கப்பலில் போகிறார்கள். இருபத்தைந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அதே கப்பலில் திரும்புகிறார்கள். அன்றைக்கு மட்டும் அப்பா படகில் வர வேண்டாம். அவருக்கு முதுகு வலி என்று முன்பு எழுதியிருந்தாயே. ஒரு வாரம் ஓய்வு எடுக்கட்டும், ஸ்த்ராத்திஸ் வரட்டும். அவர்களை நான் இன்னொரு நாள் முறைப்படி வீட்டுக்கு அழைத்துவருகிறேன். அப்போது எல்லோரும் நல்ல உடுப்பு உடுத்தி உட்கார்ந்து பேசலாம். ஏணிக்கும் படகுக்கும் நடுவில் பார்த்துக்கொள்வது மரியாதையாக இருக்காது.

நான் சொன்னதாகச் சொல்லாதே. உனக்குத் தெரியும், எப்படிச் சொல்வது என்று.

அப்பாவின் கையை எனக்காக முத்தமிடு.
ஸராந்திஸ்


பிரேயஸ்
1962 நவம்பர் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அப்பா நலமா? நீ நலமா? உடனே ஒரு வரி எழுது.

ஞாயிற்றுக்கிழமை வாடைக் காற்று பலமாக இருந்ததால் கப்பல் நம் தீவில் நிற்கவில்லை. கேப்டன் சங்கு ஊதிவிட்டுப் போகச் சொன்னார். உங்களுக்கும் கேட்டிருக்கும். அன்று யாரும் பயணத்துக்குக் காத்திருக்கவில்லையே? தீவின் முனையைத் தாண்டி ஒரு படகு வந்ததுபோல் இருந்தது. தூரத்தில் சரியாகத் தெரியவில்லை. யாருக்கும் சிரமம் ஏற்படவில்லை என்று நினைக்கிறேன்.

இங்கே எல்லாம் நல்லபடி. ஜனவரியில் மோதிரம் மாற்றுவதாகப் பேச்சு.

பதிலுக்குக் காத்திருக்கும்,
தம்பி ஸராந்திஸ்


பிரேயஸ்
1962 டிசம்பர் 17

அக்காவுக்கு,

நலமா? மூன்று ஞாயிறு போய்விட்டது, உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தபால் பையை நானே திறந்து பார்க்க முடியாது, ஆனால் அதைத் தூக்குகிறவனிடம் ஒவ்வொரு முறையும் கேட்டேன். அப்பாவின் படகும் வருவதில்லை, ஸ்த்ராத்திஸின் சின்னப் படகுதான் வருகிறது. அவன் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

நான் கேட்டு வாங்கிக்கொண்டு கிரேத்தா தீவுக்குப் போகும் கப்பலுக்கு மாறிவிட்டேன். அதில் வசதி அதிகம் என்பதால்தான். இனிமேல் கடிதத்தை என் அறை முகவரிக்கு எழுது.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டுமாவது எழுது.

ஸராந்திஸ்


லெவ்கோனிசி
1963 ஜனவரி 7

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலம் என்று உன் கடிதங்களிலிருந்து தெரிகிறது. எனக்கு இப்போது எழுந்து நடக்க முடிகிறது.

குழந்தை முன்கூட்டியே வந்துவிட்டது. பெண். தங்கவில்லை. உயிர் இருந்த நேரத்தில் ஸம்பெத்தா அவளை மூன்று முறை மேலே தூக்கி, காற்றிலேயே ஞானஸ்நானம் கொடுத்து, அம்மாவின் பெயரை வைத்தாள். கல்லியோப்பி. அதனால் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே இடம் கிடைத்தது. உன் அத்தானுக்கு எழுதியாகிவிட்டது.

வேறு சேதி. அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோயாளியை சீரோஸுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. படகு போனது, கப்பல் நிற்கவில்லை. ஊரே கொதித்துப்போய், கேப்டன் வலியானோஸ் மேல் மேலதிகாரிகளுக்குப் புகார் எழுதியிருக்கிறார்கள். “மனுசனா அவன்? கப்பல்ல மரக்கட்டையா ஏத்திட்டுப் போறான்?” என்று பாதிரியாரே கேட்டார். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அப்பா மட்டும் கைநாட்டு வைக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “என்னை விடுங்க” என்று சொல்லிவிட்டார். படகைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்துப் போட்டிருக்கிறார். காப்பிக்கடைக்குப் போவதில்லை. உன்னைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை.

நேற்று கடல் ஆசீர்வாதம் நடந்தது. பாதிரியார் கடலில் எறிந்த சிலுவையை எடுக்க யாரும் குதிக்கவில்லை. குளிர்.

மாதா காக்கட்டும்.
ஸெவஸ்தி


பிரேயஸ்
1963 ஜனவரி 22

அக்கா,

உன் கடிதத்தை வாசித்ததிலிருந்து நான் நலமாக இல்லை, அதனால் நலம் என்று எழுதவில்லை.

பிள்ளை எந்தத் தேதியில் பிறந்தாள்? அந்த நோயாளி யார்? இந்த இரண்டுக்கும் பதில் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

ஸராந்திஸ்


லெவ்கோனிசி
1963 பிப்ரவரி 12

தம்பிக்கு,

உடம்பு தேறிவிட்டது. அதைப் பற்றிக் கவலைப்படாதே.

பிள்ளை நவம்பர் இருபத்தாறு, திங்கட்கிழமை காலையில் பிறந்தாள். படகில் இருந்த நோயாளி நான்தான்.

இதை நான் உனக்குச் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம், நீ அந்தக் கப்பலில் இருந்தாய் என்பதுதான். கேப்டன் போகச் சொன்னால் நீ என்ன செய்வாய்? தெரிந்தால் ஆயுசுக்கும் உன்னைத் தின்னும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமையே எனக்குத் தலைவலி தொடங்கிவிட்டது, கண் மங்கியது. ஸம்பெத்தா, “இனி எங்கையில இல்ல, கப்பலப் புடிங்க” என்றாள். உன் கடிதத்தில் இருந்ததை அப்பாவிடம் முன்பே சொல்லியிருந்தேன். நீ சொல்லச் சொன்னபடி அல்ல. முதுகு வலிக்காக நீ அவரை ஓய்வெடுக்கச் சொன்னதாகச் சொன்னேன். “அங்க இருந்துக்கிட்டு எம்முதுகப் பத்திக் கவலப்படறான் பாரு!” என்று இரண்டு நாள் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆனால் என்னை அந்த நிலையில் பார்த்தபிறகு அவர் வேறு யாரையும் துடுப்புத் தொட விடவில்லை.

படகுக்குள் மெத்தை போட்டு என்னைப் படுக்கவைத்தார்கள். அப்பாவும் ஸ்த்ராத்திஸும் துடுப்பு வலித்தார்கள். காற்று இருந்தது தம்பி, ஆனால் அதைவிட மோசமான காற்றில் நீயும் நானும் நண்டு பிடிக்கப் போயிருக்கிறோம். முனையைத் தாண்டினோம். கப்பல் தெரிந்தது. “ஸெவஸ்தி, தெம்பா இரு. உந்தம்பி கப்பல்தான். நம்மளப் பார்த்துட்டான்னா நிறுத்திருவான்” என்று அப்பா சொன்னார். அதற்குள் சங்கு ஊதியாகிவிட்டது. கப்பல் திரும்பிக்கொண்டிருந்தது. அப்பா துடுப்பைப் போட்டுவிட்டு எழுந்து நின்று உன் பெயரைச் சொல்லிக் கத்தினார். எத்தனை முறை என்று தெரியாது. பிறகு சட்டென்று நிறுத்திவிட்டார். உட்கார்ந்தார். படகைத் திருப்பினார்.

போன வாரம் நான் அவரை விடாமல் கேட்டேன். ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். “பாத்தான்.”

நீ என்ன பார்த்தாய் தம்பி? மார்ச் நான்காம் தேதி பிரேயஸில் கேப்டனை விசாரிக்கப் போகிறார்கள். அதற்கு முன் எனக்கு எழுது.

ஸெவஸ்தி


பிரேயஸ்
1963 மார்ச் 18

அக்காவுக்கு,

விசாரணைக்கு முன் எழுதச் சொன்னாய். ஆறு முறை எழுதிக் கிழித்தேன். இப்போது எல்லாம் முடிந்தபின் எழுதுகிறேன். உன் நலம் கேட்க எனக்கு வாயில்லை.

ஃபொதினி வீட்டில் அப்பாவைப் பற்றிக் கடல் தொழில் என்று மட்டும் நான் சொல்லவில்லை. இரண்டு பாய்மரக் கப்பல் சொந்தமாக வைத்திருக்கிறார், அலெக்சாந்திரியாவுக்கும் சைப்ரஸுக்கும் ஓட்டுகிறார் என்று சொன்னேன். முதல் நாள் ஒரு வார்த்தை தவறி வந்தது. அடுத்த நாள் அதைக் காப்பாற்ற இன்னொன்று. அதன்பிறகு ஞாயிறுதோறும் அப்பா கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, ஏணியடியில் நின்று என் பெயரைக் கூவும்போது நான் மேலே கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். கப்பல் நின்றபின் சுக்கானுக்கு ஒரு வேலையும் கிடையாது அக்கா. நீ கேட்டது சரிதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹரிலாவோஸ் சுக்கான் அறையைப் பார்க்க ஆசைப்பட்டார் என்று கேப்டன் அவரை மேலே வரச் சொல்லியிருந்தார். மனிதர் என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். முனைக்கு இப்பால் வந்தபோது கேப்டன் என்னிடம் கேட்டார். “நீ இந்த ஊர்க்காரன்தானே? இந்தக் காத்துல ஒங்க ஆளுங்க படகு எறக்குவாங்களா?”

“எறக்க மாட்டாங்க கேப்டன். இந்தக் காத்துக்கு எங்க ஊர்ல ஒருத்தனும் வெளிய வர மாட்டான்.”

“நிச்சயமாத் தெரியுமா?”

“நான் பொறந்து வளந்த கடல் கேப்டன்.”

அவர் என்னை நம்பினார். சங்குக் கயிற்றை இழுத்துவிட்டுக் கீழே காப்பி குடிக்கப் போனார். நான் சுக்கானைத் திருப்பினேன். அப்போதுதான் படகு முனையைத் தாண்டி வந்தது. புது நீல வர்ணம். அக்கா, நான் தெளிவாகப் பார்த்தேன். அப்பா எழுந்து நிற்பதைப் பார்த்தேன். சத்தம் கேட்கவில்லை, வாய் திறந்து மூடுவது தெரிந்தது. உள்ளே ஏதோ போர்வை போட்டு மூடியிருந்தது. மூட்டை என்று நினைத்துக்கொண்டேன். மூட்டை என்று நினைத்துக்கொள்ள விரும்பினேன். கேப்டனைக் கூப்பிடும் மணி என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

ஹரிலாவோஸ் கேட்டார், “அதென்ன படகு? யாரோ கையை ஆட்டறாரே?”

“யாரோ கெழவன். வலை எடுக்க வந்திருப்பான்” என்றேன்.

சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இதுதான் நான் பார்த்தது.

மார்ச் நான்காம் தேதி விசாரணை அறைக்குப் போய், யாரும் கூப்பிடாமலே எழுந்து நின்று இதை அப்படியே சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். கேப்டன் மேல் குற்றமில்லை என்று விட்டுவிட்டார்கள். கப்பல் வேலைக்கு வேண்டிய என் கடலோடிப் புத்தகத்தை ஒரு வருடத்துக்குப் பறித்துக்கொண்டார்கள். இந்தத் தண்டனை போதாது என்று எனக்கே தெரிகிறது.

வெளியே கேப்டன் வலியானோஸ் நின்றிருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். “மொகம் தெரியாத அந்தப் பொண்ண நெனச்சு மூணு மாசமா நான் தூங்கலடா. அந்த ஞாயித்துக்கெழமைக்கு அப்புறமும் மூணு வாரம் நீ எங்கூடவே உக்காந்து காப்பி குடிச்சே” என்றார்.

விசாரணைக்கு முதல்நாளே ஃபொதினியிடமும் சொல்லிவிட்டேன். அவள் அன்றைக்கு வாயை மூடிச் சிரிக்கவில்லை. “படகுக்காரர் மகன்னு மொதல்லயே சொல்லியிருந்தா எங்கப்பா ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சிருப்பாரு. அவ்வளவுதானே? இதுக்கா?” என்றாள். இதுக்கா, இதுக்கா என்று மூன்று முறை கேட்டாள். பிறகு கடைக்குள் போய்விட்டாள்.

இந்தக் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டு. ஒரு வரியையும் மாற்றாதே. என் முகத்துக்காக நீ இதுவரை மாற்றிச் சொன்னது போதும்.

கையெழுத்துப் போடக் கூசும்,
ஸராந்திஸ்


லெவ்கோனிசி
1963 மே 9

ஸராந்திஸுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். நீயும் இருப்பாய் என்று நினைத்து எழுதுகிறேன்.

உன் கடிதம் மூன்று வாரம் மாவுப் பானைக்குப் பின்னால் கிடந்தது. வந்த அன்றே நான் வாசித்துவிட்டேன். அப்பாவுக்கு வாசிக்க எனக்கு நாக்கு எழவில்லை. ஈஸ்டருக்கு மறுநாள் அவரே கேட்டார். “அவன் எழுதுனது ஒண்ணு வெச்சிருக்க இல்ல? கொண்டாந்து படி.” அவருடைய நல்ல காதுப் பக்கம் உட்கார்ந்து படித்தேன். ‘யாரோ கெழவன்’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். “படி” என்றார். கடைசிவரை படித்தேன். “கெழவன்தானே. அதுல பொய் இல்ல” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வரும்போது கோயில் முற்றத்தில் நின்றுகொண்டு எல்லோரையும் நிறுத்தினார். அவருடைய குரல் உனக்குத் தெரியுமே, யாரும் கேட்காமல் போக முடியாது. “கேப்டன் மேல தப்பு இல்ல. படகு வராதுன்னு சொன்னது எம்மவன். என்னைப் பார்த்துட்டும் திரும்பிக்கிட்டுப் போனான். எனக்கு அன்னைக்கே தெரியும். வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு. என் வெக்கத்துக்காக ஒரு நல்ல மனுசன் பேரு நாறட்டும்னு வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன். நீங்க கையெழுத்துப் போட்டப்போ நானும் பக்கத்துல நின்னேன். காறித் துப்பணும்னா ரெண்டு பேரு மேலயும் துப்புங்க.”

யாரும் துப்பவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. பாதிரியார் கேப்டனுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதினார். மறுநாள் அப்பா போய் அந்தப் படகை நிமிர்த்தினார்.

இப்போது என்னுடையது. நவம்பரில் நீ எழுதிய கடிதத்தை வாசித்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது, நீ எதை மறைக்கப் பார்க்கிறாய் என்று. அவர் முதுகைப் பற்றி உனக்குக் கவலை என்று பொய் சொல்லி அவரைச் சந்தோஷப்பட வைத்தேன். அப்போதே உன்னைத் திட்டி நாலு வரி எழுதியிருந்தால் நீ ஒருவேளை மணியைத் தொட்டிருப்பாய். எழுதவில்லை. அது என் பங்கு.

ஆனால் உன் பங்கு உன்னுடையது. நான் உன்னை மன்னிக்கவில்லை. மன்னித்ததாக எழுதலாம் என்று பார்த்தேன், கை ஓடவில்லை. பிள்ளையின் தலைமுடி கறுப்பாக இருந்தது என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன் அத்தான் தனக்கு எழுதும் கடிதங்களில் உன் பெயரை எழுதாதே என்று சொல்லியிருக்கிறார்.

அப்பாவிடம் உனக்கு ஏதாவது எழுதட்டுமா என்று கேட்டேன். “வர்றதா இருந்தா ஞாயித்துக்கெழம வரட்டும். மத்த நாள்ல கப்பல் இல்ல” என்றார். அதை அப்படியே எழுதிவிட்டேன்.

ஸெவஸ்தி


நாக்சோஸ்
1963 செப்டம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உனக்கும் அப்பாவுக்கும் நலம் வேண்டி, இங்கே வேலைக்குப் போகும் வழியில் உள்ள சிற்றாலயத்தில் தினமும் விளக்கேற்றுகிறேன். துறைமேடை கட்டுகிற இடத்தில் கல் சுமக்கிறேன். தோள் காய்த்துவிட்டது.

உன் கடிதம் வந்து மூன்று மாதம் கழித்துத்தான் எனக்குக் கப்பல் ஏறக் கால் வந்தது. வந்த ஒரு வாரமும் நீ என்னோடு அதிகம் பேசவில்லை. சாப்பாடு வைத்தாய். பிள்ளையின் கல்லறையைக் காட்டிவிட்டு, என்னை அங்கே தனியாக விட்டுப் போனாய். புறப்படும்போது ஒன்று கேட்டாய், “படகுல ஒண்ணா வந்தீங்களே, அப்பா என்ன சொன்னார்?” என்று. அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. அவரும் சொல்லியிருக்க மாட்டார். அதனால் எழுதுகிறேன்.

‘அயியா தெக்லா’வில் மூன்றாம் வகுப்புத் தளத்தில், ஆடுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். பழைய ஆட்கள் என்னைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் போனார்கள். முனை வந்தது, கப்பல் நின்றது. நீலப் படகு ஏணியடிக்கு வந்தது. அப்பா தலை நிமிரவே இல்லை, யாரோ ஒருவருடைய மாவு மூட்டையை வாங்கிக்கொண்டிருந்தார். அவர் இனி என்னைக் கூப்பிட மாட்டார் என்று எனக்குத் தெரியும். கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்னால் முடிந்தமட்டும் உரக்க, “அப்பா!” என்றேன். தளத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். இன்னொரு முறை கூப்பிட்டேன்.

அவர் மூட்டையை வைத்துவிட்டு மேலே பார்த்தார். “கத்தாத. கேக்குது. கால எங்க வெக்கிறன்னு பார்த்து எறங்கு” என்றார்.

இறங்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்தார். எல்லோரையும்தான் அப்படிப் பிடித்து இறக்குகிறார். ஆனால் நான் உட்கார்ந்தபிறகும் விடவில்லை. எதிரே ஏதென்ஸிலிருந்து புதிதாக வரும் ஆசிரியை உட்கார்ந்திருந்தார். நாகரிகமான பெண்மணி, கையுறை போட்டிருந்தார். அவர் அந்தப் பிடியைப் பார்த்துவிட்டு, “இவர் உங்களுக்குத் தெரிஞ்சவரா?” என்று கேட்டார்.

“எம்மவன்” என்றார் அப்பா. அவருக்கு மெதுவாகப் பேச வராது. படகு முழுக்கக் கேட்டது. ஸ்த்ராத்திஸ் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

“அப்படியா, சந்தோஷம். லீவுக்கு வந்திருக்காரா?”

“இல்லம்மா. மொகம் காட்ட வந்திருக்கான்.”

அவ்வளவுதான் அக்கா. கையை விட்டுவிட்டுத் துடுப்பை எடுத்தார். ஊரார் கரையில் நின்று பார்த்த பார்வையை என்னால் தாங்க முடிந்தது. அந்த ‘எம்மவன்’ என்ற சொல்லைத்தான் தாங்க முடியவில்லை. பக்கத்தில் ஒரு கடைக்காரர் நின்றதற்காக நான் விழுங்கின சொல்லை, அவர் முன்பின் தெரியாத ஒரு பெண்மணியிடம், கேட்ட உடனே சொல்லிவிட்டார். குனிந்து என் காலைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

இனி மாதத்தில் ஒரு ஞாயிறு வருவேன். நீ பேசாவிட்டாலும் வருவேன். என்னை மன்னித்துவிட்டதாக எந்தக் கடிதத்திலும் எழுதாதே. அப்படி எழுதினால், அதுவும் என் முகத்துக்காக நீ மாற்றிச் சொன்னதாகத்தான் இருக்கும். உன் உடம்பு எப்படி, அப்பாவின் முதுகு எப்படி, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, இதை மட்டும் எழுது. எனக்கு அது போதும்.

உன் தம்பி, படகுக்காரர் யாக்குமிஸ் மகன்,
ஸராந்திஸ்